கொயோட்டி ஏன் வேட்டை நாயின் மேல் பாய்கிறது?

அமெரிக்காவில் நாயோடு பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் சீசன் நெருங்கினால் மூன்று விஷயங்களைப் பற்றிப் புலம்புவார்கள்: முள்வேலி, முள்ளம்பன்றி, கொயோட்டி. முள்வேலி தோலைக் கிழிக்கும். தையல் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். முள்ளம்பன்றி முகம் முழுக்க முள்ளைச் செருகிவிடும்; மயக்கமருந்து கொடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் எல்லாரிடமும் ஒரு வழி கைவசம் இருக்கிறது. கொயோட்டி என்று வந்தால் மட்டும் கதை அதிகம், விவரம் குறைவு. ஒருவர் துப்பாக்கி இருந்தால் போதும் என்பார். இன்னொருவர் நாய்க்குக் கவசம் மாட்டு என்பார். மூன்றாமவர், ஒற்றைக் கொயோட்டி ஆசைகாட்டி நாயை அழைத்துப்போய்க் கூட்டத்திடம் மாட்டிவிடும் என்று சத்தியம் செய்வார். இதில் எது எவ்வளவு உண்மை என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த விலங்கு எதற்காகத் தாக்குகிறது என்பது தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால், பாதிப் பாதுகாப்பு நாள்காட்டியிலேயே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

கொயோட்டி வட அமெரிக்காவின் காட்டு நாயினங்களில் ஒன்று. நம்மூர் நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது. மேற்கு மாநிலங்களில் பொதுவாக 10 முதல் 15 கிலோ எடை இருக்கும். கிழக்கே போகப்போக உடம்பு பெருக்கும். 20 கிலோவைத் தொடுகிறவையும் உண்டு. கிழக்கு நோக்கிப் பரவும் வழியில், பெரிய ஏரிகள் பக்கம் எஞ்சியிருந்த ஓநாய்களோடும், அப்புறம் வீட்டு நாய்களோடும் கலந்ததால் வந்த உடம்பு அது. ஒரு காலத்தில் இது நடுச் சமவெளிக்கும் மேற்கின் வறண்ட நிலங்களுக்கும் உரிய பிராணியாகத்தான் இருந்தது. ஓநாயைச் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்து, காட்டை வெட்டி வயலாக்கியபோது, காலியான இடத்துக்கெல்லாம் கொயோட்டி குடிவந்துவிட்டது. இன்று ஹவாய் தவிர மற்ற 49 மாநிலங்களிலும் இருக்கிறது. சிகாகோ நகரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. ஆகவே தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் என்ற நீள்வால் பறவை வேட்டையானாலும், மின்னசோட்டாக் காட்டில் கிரவுஸ் என்ற கோழியினப் பறவை வேட்டையானாலும், டெக்சஸில் காடை வேட்டையானாலும், கொயோட்டி இல்லாத களம் என்று ஒன்றைத் தேடிப் போக முடியாது.

இவ்வளவு பரவலாக இருந்தும் வேட்டை நாய்கள் தினமும் கடிபடுவதில்லை. கொயோட்டி கடித்து மருத்துவமனைக்கு வரும் நாய்களில் பெரும்பாலானவை வீட்டுக் கொல்லையில் விட்டிருந்த சின்ன இனங்கள். ஐந்து கிலோ நாய் கொயோட்டியின் கண்ணுக்கு முயல் மாதிரிதான். அங்கே காரணம் பசி. வேட்டைக்குப் போகிற நாய் அப்படியில்லை. ஜெர்மன் பாயிண்டரும் இங்கிலிஷ் செட்டரும் 20 முதல் 30 கிலோ இருக்கும். லாப்ரடார் அதற்கும் மேல். தன்னைப்போல் இருமடங்கு எடையுள்ள மிருகத்தைத் தின்பதற்காக எந்தக் கொயோட்டியும் சண்டைக்கு வராது. காயம் பட்டால் அடுத்த வேளை சோறு கிடையாது என்பது அதற்குத் தெரியும். அப்படியும் அது வருகிறது என்றால் வேறு கணக்கு ஒன்று இருக்கிறது.

அந்தக் கணக்கு பங்காளிச் சண்டை. நாய்க்குடும்பத்தில் பெரியது சின்னதை விரட்டும், சமயத்தில் கொல்லும். ஓநாய் கொயோட்டியைக் கொல்லும், கொயோட்டி நரியைக் கொல்லும். கொன்றதைத் தின்னாமல் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு 1995-ல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது, லாமார் பள்ளத்தாக்கில் கொயோட்டிகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே கண்ணோடுதான் கொயோட்டி நம் நாயையும் பார்க்கிறது. தன் எல்லைக்குள் வாசனை பிடித்துக்கொண்டு, கண்ட இடத்தில் சிறுநீர் கழித்துக்கொண்டு அலையும் அந்நிய நாயினம் ஒன்று. அது ஃபெசன்ட் தேடி வந்திருக்கிறது என்பது கொயோட்டிக்கு எப்படித் தெரியும்?

எல்லைக்காகச் சண்டை போடும் மூர்க்கம் ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. கொயோட்டிகள் ஜனவரி முதல் மார்ச் வரை, பெரும்பாலும் பிப்ரவரியில், இணை சேரும். சுமார் 63 நாள் சினைக்குப் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போடும். குட்டிகள் முதலில் வளைக்குள்ளும், அப்புறம் வளையைச் சுற்றியும் கோடை முழுக்க வளரும். இலையுதிர் காலத்தில் வளர்ந்த குட்டிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து புது இடம் தேடிப் போகும். இதில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குட்டிகளைக் காக்கும் என்பது முக்கியம். சிகாகோ சுற்றுவட்டாரத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கெர்ட் நடத்திவரும் ஆய்வில், 236 கொயோட்டிகளின் மரபணுவைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜோடிக்கு வெளியே பிறந்த குட்டி ஒன்றுகூட இல்லை. வளைப் பக்கம் ஒரு நாய் போனால் ஒரு கொயோட்டியின் கோபத்தை மட்டும் அது சந்திப்பதில்லை. இரண்டும் சேர்ந்து வரும். 20 கிலோ நாய்க்கு ஒரு கொயோட்டி சமாளிக்கக்கூடியதுதான். முன்னால் ஒன்று பல்லைக் காட்டி நிற்க, பின்னால் இன்னொன்று தொடையைப் பிடித்தால் அது வேறு சண்டை.

இந்த மூர்க்கத்தை நன்றாக அறிந்தவர்கள் கொயோட்டி வேட்டைக்காரர்களே. மேற்கு மாநிலங்களில் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் கொயோட்டி சுடுகிறவர்கள், மே முதல் ஆகஸ்ட் வரை நாயைத் தூண்டிலாகப் பயன்படுத்துவார்கள். ஆள் துப்பாக்கியோடு புதர் மறைவில் உட்கார்ந்து, குட்டி அலறுவது போன்ற ஒலியை எழுப்புவார். கொயோட்டி ஜோடி எட்டிப் பார்க்கும். பழக்கிய நாய் அவற்றை நோக்கி ஓடும். நாயைக் கண்டதும் கொயோட்டிகளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். திரும்பி ஓடிவரும் நாயைத் துரத்திக்கொண்டு ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே நேராக வந்துவிடும். இந்த வேலைக்கு மிகப் பெரிய நாயைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், கொயோட்டி பயந்து ஒதுங்கிவிடும் என்பதால். ‘கர்’ எனப்படும் வேட்டை நாயினத்து நடுத்தர நாய்கள்தான் தோது. மனித வாசனை பட்டாலே மைல் கணக்கில் ஓடும் விலங்கு, குட்டி இருக்கும் காலத்தில் நாயை விரட்டுகிற வேகத்தில் மனிதனின் காலடி வரை வருகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ‘நான் பக்கத்தில் இருக்கிறேன், என் நாய்க்கு ஒன்றும் ஆகாது’ என்கிற நம்பிக்கைக்கு மே மாதத்தில் அவ்வளவு மதிப்பில்லை.

பறவை வேட்டைக்காரர்களுக்கு இங்கே எதிர்பாராத ஒரு துணை உண்டு: சட்டம். மின்னசோட்டாவில் ஏப்ரல் 16 முதல் ஜூலை 14 வரை சிறப்பு அனுமதி இல்லாமல் பொது நிலத்தில் வேட்டை நாய்களைப் பழக்கக் கூடாது. வேறு பல மாநிலங்களிலும் இதே போன்ற தடை வெவ்வேறு தேதிகளில் இருக்கிறது. தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் காப்பதற்காகப் போட்ட விதி இது. கொயோட்டியை யாரும் நினைக்கவில்லை. ஆனால் பறவை அடைகாக்கும் மாதங்களும் கொயோட்டி குட்டியைக் காக்கும் மாதங்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், பறவைக்குப் போட்ட விதி நாயையும் காக்கிறது. சொந்த நிலத்திலோ தெரிந்தவர் பண்ணையிலோ பழக்குகிறவர்களை இந்தத் தடை பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. இளவேனிலில், ஆளில்லாத பண்ணை ஓரத்தில், எட்டு மாத நாய்க்குட்டியை முதன்முதலாக அவிழ்த்துவிடுவதுதான் என் கணிப்பில் இருப்பதிலேயே மோசமான யோசனை.

வேட்டை சீசன் தொடங்கும்போது நிலைமை நாய்க்குச் சாதகமாகவே இருக்கிறது. குட்டிகள் வளர்ந்துவிட்டன, வளையைக் காக்க வேண்டிய தேவை இல்லை. செப்டம்பரில் கிரவுஸ் வேட்டைக்குப் போகிறவர்கள் மட்டும், இன்னும் பிரியாத குடும்பத்தின் நடுவில் நாய் போய் நிற்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஒப்பீட்டளவில் அமைதி. ஜனவரி தொடங்கியதும் ஜோடிகள் எல்லையை மறுபடி உறுதிசெய்யத் தொடங்கும், முரட்டுத்தனம் ஏறும். சீசன் முடியும் தறுவாயில் ஃபெசன்ட் தேடி, பனியில் சாய்ந்து கிடக்கும் சம்புக்கோரைக்குள் நாயை விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோரைதான் ஃபெசன்டுக்குக் குளிர்காலப் புகலிடம்; கொயோட்டி பகலில் படுத்திருப்பதும் அங்கேதான். பெட்டை நாய் பருவத்தில் இருந்தால் இந்த மாதங்களில் வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது.

பீகிள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முயல் வேட்டைக்கு விடும் இந்த நாய் 10, 12 கிலோதான் இருக்கும், கொயோட்டியைவிடச் சிறியது. ஆள் கண்ணில் படாத புதருக்குள் முயலின் தடத்தை மோந்துகொண்டு, ஊருக்கே கேட்கும்படி குரைத்துக்கொண்டு, சில நூறு மீட்டர் தள்ளி ஓடும். முயல் வேட்டை குளிர்காலம் முடியும்வரை நீள்கிறது. எடை, தூரம், சத்தம், மாதம் என நாலும் அதற்குப் பாதகமாக இருக்கின்றன. பாயிண்டர் வைத்திருப்பவர் கொயோட்டிக்காக இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. பீகிள் வைத்திருப்பவர் கவலைப்படலாம். ஒன்றை மட்டும் விடாமல் நாலைந்தைச் சேர்த்து விடுவது பீகிள்காரர்களின் வழக்கம். அது முயலுக்காக வந்த வழக்கம்தான் என்றாலும், கூட்டத்தை நெருங்கக் கொயோட்டி தயங்கும். கூட்டத்தில் பின்தங்கும் வயதான நாயைக் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

சரி, ஆசைகாட்டி அழைத்துப்போகும் கதை? அமெரிக்காவில் இதை நம்பாத வேட்டைக்காரரைப் பார்ப்பது அரிது. கொயோட்டியை ஆராய்கிறவர்கள் இதை ஏற்பதில்லை. அவர்கள் சொல்லும் விளக்கம் எளிமையானது: நாய் ஒற்றைக் கொயோட்டியைப் பார்க்கிறது, துரத்துகிறது. கொயோட்டி எங்கே ஓடும்? தனக்குப் பழக்கமான இடத்துக்கு, தன் ஜோடி இருக்கும் பக்கத்துக்கு. அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒன்றுக்கு இரண்டோ மூன்றோ ஆகிவிடுகிறது. துரத்திய நாய் துரத்தப்படும் நாயாகிவிடுகிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது திட்டமிட்ட சதி போலத் தெரியும். இரண்டு விளக்கத்திலும் முடிவு ஒன்றுதானே என்று கேட்கலாம். முடிவு ஒன்றுதான், ஆனால் நாம் செய்ய வேண்டியது மாறுகிறது. சதி என்றால் கொயோட்டியைக் குறைசொல்லிவிட்டு இருந்துவிடலாம். நாய் துரத்தியதால் வந்த வினை என்றால், துரத்தாமல் இருக்க நாயைப் பழக்குவதுதான் வேலை.

மானைத் துரத்தாதே என்று பழக்கிய நாய்க்கு இதைச் சொல்லித்தருவது பெரிய காரியமில்லை. விசில் கேட்டால் என்ன செய்துகொண்டிருந்தாலும் திரும்பி ஓடிவர வேண்டும், அவ்வளவுதான். ஓடிவரும் நாயை ஜோடி துரத்திவந்தாலும், குட்டி இல்லாத காலத்தில், ஆளைக் கண்டதும் கொயோட்டி நின்றுவிடும். ஆள் நாயை நோக்கி நடக்க வேண்டும், கத்த வேண்டும், கையை வீச வேண்டும். நாயின் கழுத்தில் கயிற்றைப் போட்டபின் கொயோட்டியைப் பார்த்தபடியே பின்வாங்க வேண்டும். சில சமயம் கொயோட்டி ஐம்பது அடி தள்ளி நம்மோடு கூடவே நடந்துவரும். பின்தொடர்ந்து தாக்கப் போகிறது என்று பலர் பதறுவார்கள். பக்கத்தில் வளை இருந்தால் அது செய்யும் காரியம் இது: எல்லை வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போகும்.

இப்போது பெரும்பாலான வேட்டைக்காரர்கள் நாய்க்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டுகிறார்கள். கார்மின் ஆல்ஃபா போன்ற கருவிகள் இரண்டரை நொடிக்கு ஒருமுறை நாய் இருக்கும் இடத்தைக் கையிலுள்ள திரையில் காட்டும். நாய் தொலைந்துபோகாமல் இருக்கத்தான் இதை வாங்குகிறார்கள். ஆனால் திரையைப் படிக்கத் தெரிந்தால் இதுவே நல்ல எச்சரிக்கை மணி. பறவை தேடும் நாயின் தடம் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து போகும். காற்றுக்குக் குறுக்கே ஓடி வாசனை பிடிப்பதால் அப்படி. அந்த வளைவு திடீரென நேர்கோடாகி, நம்மைவிட்டு விலகிக்கொண்டே போனால், நாய் வேலையை விட்டுவிட்டு எதையோ துரத்துகிறது. மானாகவும் இருக்கலாம், கொயோட்டியாகவும் இருக்கலாம். எதுவென்று பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நொடியே விசில் ஊத வேண்டும். 300 மீட்டர் போனபிறகு ஊதினால் காற்றில் பாதி கரைந்துவிடும். நாய் அசையாமல் நின்றாலும் திரை காட்டும். ஆனால் பறவையைக் கண்டு நிற்கிறதா, சுருக்கில் மாட்டி நிற்கிறதா, கடிபட்டுக் கிடக்கிறதா என்பது கருவிக்குத் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டியது நம் கால்கள்தான். அந்தக் கழுத்துப்பட்டை வழியாக மின் அதிர்ச்சி கொடுக்கும் பொத்தானும் கையிலுள்ள கருவியில் இருக்கும். நாய் சண்டையில் இருக்கும்போது அதை அழுத்துவது ஆபத்து. வலி எதிரியிடமிருந்து வருகிறது என்று நினைத்து நாய் இன்னும் மூர்க்கமாகப் பிடித்துக்கொள்ளலாம். துரத்தத் தொடங்கும்போது பயன்படுத்தினால் பலன் உண்டு. கடி தொடங்கியபின் இல்லை.

துப்பாக்கிதான் கையில் இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் கொயோட்டியை ஆண்டு முழுக்கச் சுடலாம், ஆகவே சட்டச் சிக்கல் குறைவு. சில மாநிலங்களில் அதற்கும் சீசன் உண்டு. சிக்கல் ரவையில், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளில் இருக்கிறது. ஃபெசன்டுக்குப் போடும் சிறிய ரவை 40 மீட்டரில் கொயோட்டியைக் கொல்லாது, காயப்படுத்தும். நாயும் கொயோட்டியும் ஒன்றாகப் புரளும்போது சுடுவதோ நினைத்துப் பார்க்கவே கூடாத காரியம். ஷாட்கன் ரவை சிதறுமே தவிர ஆள் பார்த்துப் போகாது. வானத்தை நோக்கி ஒரு வெடி வெடித்தால் சத்தத்துக்குக் கொயோட்டி விலகும் வாய்ப்பு அதிகம். அந்த அளவில் துப்பாக்கி பயன்படும்.

கவசத்துக்கு வருவோம். பறவை நாய்களுக்கு விற்கும் தடித்த நைலான் மார்க்கவசம் முள்ளுக்கும் கம்பிக்கும் ஆனது. நெஞ்சையும் வயிற்றையும் மறைக்கும். கொயோட்டி கடிப்பது கழுத்தையும் முதுகையும் பின்தொடையையும். காட்டுப்பன்றி வேட்டை நாய்களுக்குக் கெவ்லார் என்ற உறுதியான இழை வைத்துத் தைத்த கவசமும் அகலமான கழுத்துப்பட்டையும் கிடைக்கின்றன. அவை பன்றியின் கொம்புப்பல்லையே தாங்கும், கொயோட்டியின் பல்லையும் தாங்கும். நகரத்துச் சின்ன நாய்களுக்கென்று முதுகில் முள் வைத்த கவசங்களும் வந்திருக்கின்றன. ஓநாய் தொல்லை உள்ள சுவீடன், பின்லாந்து நாடுகளில், கடித்தால் மின்சாரம் தாக்கும்படியான மேலங்கியை வேட்டை நாய்களுக்கு மாட்டிப் பார்க்கிறார்கள். அங்கே அது நியாயம். 40 கிலோ ஓநாய் ஒரே கடியில் கதையை முடித்துவிடும், வெளியே குளிரும் அதிகம். தெற்கு டகோட்டாவில் அக்டோபரில் அப்படியொரு கனத்த சட்டையோடு நாயை ஓடவிடுவதற்கு முன் 2003-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஃபெசன்ட் சீசன் தொடங்கிய வாரக்கடைசியில் வழக்கத்துக்கு மாறாக வெயில் கொளுத்தியது. நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் வெப்பம் தாங்காமல் செத்ததாக அப்போது செய்தி வந்தது. கொயோட்டி ஒரே வாரக்கடைசியில் அத்தனை வேட்டை நாய்களைக் கொன்றதாக நான் எங்கும் படித்ததில்லை. பீகிளுக்கு ஜனவரியில் கவசம் மாட்டுவது அறிவு. செட்டருக்கு அக்டோபரில் மாட்டுவது பயத்துக்கு நாயைப் பலிகொடுப்பது.

கடிபட்டுவிட்டால்? இங்கே பலர் ஏமாறுவது காயத்தின் தோற்றத்தில். வெளியே நாலு சின்ன ஓட்டைகள், கொஞ்சம் ரத்தம், முடி மூடியிருக்கும். நாயும் உற்சாகத்தில் வாலை ஆட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பப் பார்க்கும். கீழே விழுந்த மாம்பழத்தைப் போலத்தான் இது: தோல் நன்றாக இருக்கும், உள்ளே கூழாகியிருக்கும். கொயோட்டி கடித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை, தலையை உலுக்கும். பல் இறங்கிய இடத்தில் தோல் அசையும், அடியிலுள்ள தசை கிழியும். தசைக்கும் தோலுக்கும் நடுவே பை மாதிரி இடைவெளி உண்டாகி, பல்லிலிருந்த கிருமி அங்கே தங்கும். நாயைப் படுக்கவைத்து, முடிக்கு எதிர்த்திசையில் விரலால் தடவிக்கொண்டே கழுத்திலிருந்து வால் வரை போக வேண்டும். கழுத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தும்போது தோலுக்கடியில் நொறுநொறுவென்று சத்தம் வந்தால், காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். மூச்சுக்குழாயோ நெஞ்சுச் சுவரோ ஓட்டையாகியிருக்கலாம். அப்புறம் அன்றைய வேட்டை முடிந்தது, வண்டியை எடுக்க வேண்டியதுதான். முள்கம்பிக் கிழிசலை மூடுவதற்காக வேட்டைக்காரர்கள் பையில் வைத்திருக்கும் தோல் ஸ்டேப்ளரைக் கடிக்காயத்தில் பயன்படுத்தக் கூடாது. கிருமியை உள்ளே வைத்துப் பூட்டினால் மூன்றாம் நாள் சீழ் கட்டும். உப்புநீரால் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியில் இருக்கும் நாய் எஜமானனையும் கடிக்கும் என்பதால் முதலில் வாயைக் கட்டுவது நல்லது. மூச்சுத் திணறினால் கட்டக் கூடாது.

அப்புறம் ரேபிஸ் என்னும் வெறிநோய். கொயோட்டிக்கு அது அடிக்கடி வருவதில்லை. வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு வேட்டை நாய்களே சாட்சி. 1988-ல் டெக்சஸின் தென்கோடியில், நாய்களிடையே பரவும் நாய் வகை ரேபிஸ் கொயோட்டிகளுக்குள் புகுந்து வடக்கே பரவத் தொடங்கியது. இதற்கு நடுவில் 1994-ல் ஃபுளோரிடாவில், ஒன்றோடொன்று தொடர்புள்ள இரண்டு நாய்ப்பட்டிகளில் 5 நாய்களுக்கு அதே டெக்சஸ் வகை ரேபிஸ் இருப்பது தெரிந்தது. நடுவில் பல மாநிலங்கள் இருக்க, நோய் எப்படித் தாவியது? மோப்பம் பிடித்துத் துரத்தும் ஹவுண்டு நாய்களைப் பழக்குவதற்கென்று வேலி போட்ட அடைப்புகளுக்குள் நரியையும் கொயோட்டியையும் வாங்கி விடுவார்கள். தெற்கு டெக்சஸிலிருந்து அப்படிக் கொண்டுவந்த கொயோட்டிகளோடு நோயும் வந்திருக்க வேண்டும் என்பதே விசாரணையின் முடிவு. 1995-லிருந்து டெக்சஸ் அரசு தடுப்பு மருந்து அடைத்த தீனிகளை விமானத்திலிருந்து தூவியது. அந்த வகை ஒடுங்கி, 2007-ல் அமெரிக்காவில் நாய் வகை ரேபிஸ் இல்லை என்று அறிவித்தார்கள். ரக்கூன், ஸ்கங்க், நரி ஆகிய விலங்குகளிடையே பரவும் ரேபிஸ் வகைகள் இன்னும் இருக்கின்றன, அவை கொயோட்டிக்கும் தொற்றும். தடுப்பூசி நடப்பில் இருக்கும் நாயை ரேபிஸ் இருக்கலாம் என்று சந்தேகப்படும் விலங்கு கடித்தால், தேசிய வழிகாட்டலின்படி உடனே ஒரு பூஸ்டர் ஊசியும் 45 நாள் கண்காணிப்பும் போதும். ஒருமுறைகூடப் போடாத நாய் என்றால் கருணைக்கொலை, அல்லது 4 மாதத் தனிமை. கவசத்துக்கு 200 டாலர் செலவழிக்கிறவர் முதலில் ஊசிச் சீட்டின் தேதியைப் பார்க்கலாம். கொயோட்டி நேரில் வராமலே தரும் சொறி, இதயப்புழு, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் வழக்கமான மருந்தும் ஊசியும் இருக்கின்றன. விட்டுப்போகாமல் போடுவதுதான் விஷயம்.

கொயோட்டியை ஒழித்துவிட்டால் பிரச்சினை தீராதா என்ற கேள்வி அமெரிக்காவில் நூறாண்டுகளாகக் கேட்கப்படுகிறது. மத்திய அரசின் வனவிலங்குச் சேவைத் துறை அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 60,000 வாக்கில் கொயோட்டிகளைக் கொன்றிருக்கிறது. தனியார் கொல்வது தனிக் கணக்கு. விலங்கு குறையவில்லை, பரவியிருக்கிறது. ஒரு வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தொடர்ந்து கொன்றால்தான் எண்ணிக்கை நிலையாகக் குறையும் என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கானலியும் லாங்ஹர்ஸ்ட்டும் 1975-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காலியாகும் எல்லைக்கு அடுத்த ஊர் இளவட்டம் வந்துவிடும்.

இந்த ஒழிப்பு வேலையில் நாய் பெறுவதைவிட இழப்பதே அதிகம் என்பது என் கருத்து. கொயோட்டிக்கு வைத்த சுருக்குக்கம்பியில் கழுத்தைக் கொடுப்பது பறவை நாய்தான். ஆகவே புல்வெளியில் வேட்டையாடுகிறவர்கள் இடுப்பில் கம்பிவெட்டி வைத்துக்கொள்கிறார்கள். கயிற்றில் கட்டிப் பழகிய நாய் சுருக்கு இறுகியதும் இழுக்காமல் நின்றுவிடும், பிழைக்க நேரம் கிடைக்கும். கட்டிப் பழகாத நாய் திமிறித் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். இதைவிடக் கொடியது எம்-44 என்ற சயனைடு குழல். தரையில் நட்டு, மேலே வாசனைப் பசை தடவியிருக்கும்; கவ்வி இழுத்தால் சயனைடு தூள் வாய்க்குள் பீச்சும். 2017 மார்ச்சில் ஐடஹோவின் போகடெல்லோ ஊருக்கு வெளியே 14 வயதுப் பையனின் கண்ணெதிரே அவனுடைய லாப்ரடார் இப்படித்தான் செத்தது. பையனும் சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. அதன்பின் ஐடஹோவில் இதை நிறுத்தினார்கள். 2023-ல் மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை தன் நிலங்களில் எம்-44-ஐத் தடைசெய்தது. தனியார் பண்ணைகள் நிறைந்த பகுதிக்குப் போகிறவர்கள் நில உரிமையாளரிடம் அனுமதி கேட்கும்போதே, பொறி, சுருக்கு, விஷம் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்வது கொயோட்டி எங்கே இருக்கிறது என்று கேட்பதைவிட அவசியம்.

ஒப்பிட்டுப் பார்க்க விஸ்கான்சின் மாநிலம் தோதானது, அங்கே ஓநாய் இருப்பதால். கரடி வேட்டை ஹவுண்டுகளை ஜூலையிலிருந்தே காட்டில் பழக்குவார்கள். ஓநாய்க் குட்டிகள் வளையைவிட்டு வெளியே வந்து திறந்த இடத்தில் காத்திருக்கும் மாதங்களும் அவைதான். ஆண்டுதோறும் நாய்கள் சாகின்றன. 2016-ல் மட்டும் 40 வாக்கில். ஓநாய் கொன்ற வேட்டை நாய்க்கு மாநில அரசு 2,500 டாலர் வரை இழப்பீடு தருகிறது. நாய் தாக்கப்பட்ட இடங்களைச் சுற்றி எச்சரிக்கை வட்டம் போட்ட வரைபடத்தையும் வெளியிடுகிறது. அந்த வட்டங்களைத் தவிர்த்துவிட்டுப் பழக்குகிறவரின் நாய் பெரும்பாலும் வீடு திரும்புகிறது.

கொயோட்டிக்கு அப்படி இழப்பீடும் கிடையாது, வரைபடமும் கிடையாது. போட்டால் மாநிலம் முழுவதற்கும் வண்ணமடிக்க வேண்டியிருக்கும். ஆனால் தான் வழக்கமாகப் போகும் நான்கைந்து களங்களுக்கு வேட்டைக்காரர் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ள முடியும். ஜோடியாக ஊளை கேட்ட மேடு, மண்ணைப் புதிதாகத் தோண்டிப்போட்ட வளைவாய், மாடு கன்று ஈன்ற மேய்ச்சல் நிலம், பாதை நடுவில் முடியும் எலும்பும் கலந்து கிடக்கும் எச்சம் எல்லாவற்றையும் கையிலிருக்கும் ஜிபிஎஸ் கருவியிலேயே குறித்துவைக்கலாம். ஏப்ரலில் குறித்த வளையை அக்டோபரில் தவிர்க்க வேண்டியதில்லை. அடுத்த ஏப்ரலில் தவிர்க்க வேண்டும். நல்ல வளையைக் கொயோட்டி அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பயன்படுத்துவதுண்டு.